எர்மெலிந்தாவின் d

புவெனஸ் அயர்ஸ்
3 ஜூன் 2012

திருமதி ரமோனா அவர்களுக்கு,

'அண்ணி' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், கத்தினால் நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படியுங்கள்.

அம்மாவின் கல்லறையில் பதிக்கிற வெண்கலத் தகட்டுக்கு எழுத்து வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். பிறந்த தேதி, இறந்த தேதி, சிலுவை எதுவும் வேண்டாம், அவளே கையெழுத்துப் போட்டதுபோல 'எர்மெலிந்தா' என்று மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவள் எனக்கு எழுதிய கடைசிக் கடிதத்தின் உறையை எடுத்தேன். பின்பக்கம் அனுப்புநர் பெயர் இருக்கிறதல்லவா, அதைப் பெரிதாக்கி, அடியில் விளக்கெரியும் என் கண்ணாடி மேசையில் வைத்தேன். அப்போதுதான் Ermelinda என்ற அந்தப் பெயரில் கடைசிக்கு முந்தின எழுத்தைப் பார்த்தேன். d.

அம்மாவின் d உங்களுக்கு நினைவிருக்கும். அதன் வயிறு தண்டோடு ஒட்டாது. மேலே ஒரு சின்ன வாய் எப்போதும் திறந்திருக்கும். குவாலெகுவாயில் அவளிடம் படித்த பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உறையிலிருந்த d-யின் வாய் மூடியிருந்தது. அம்மாவின் d-க்கு வாயை மூடியவள் உலகத்தில் ஒருத்திதான். நான்தான். அவள் கையெழுத்தை எழுத்துருவாக வரைந்து அவள் பெயரையே வைத்தபோது, திறந்த d-ஐ ஜனங்கள் c என்றும் l என்றும் இரண்டாகப் படித்துவிடுவார்கள் என்று மூடினேன்.

பிறகு எல்லாக் கடிதங்களையும் எடுத்து மேசையில் பரப்பினேன். எல்லாம் 'கெரீதா செலினா' என்று தொடங்குகின்றன. 'அன்புள்ள' என்கிற அந்த 'Querida'விலேயே, முதல் வார்த்தையிலேயே d இருக்கிறது, ஒவ்வொன்றிலும் வாய் மூடி. தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தேன். பேனா அழுத்திய தடம் ஒன்றுகூட இல்லை. நீங்கள் வேலை பார்க்கும் அச்சுக் கடைப் பிரிண்டரின் நீல மை அது.

ஓடுகிற பஸ்ஸில் எழுதியிருப்பதைப் பார்த்து இது இன்ன எழுத்துரு என்று சொல்பவள் நான். r-இன் தோள் வளைகிறதா முறிகிறதா, f-இன் வால் எந்தப் பக்கம் திரும்புகிறது, o-விலிருந்து அடுத்த எழுத்துக்குப் போகும் கோடு இடுப்பிலிருந்து கிளம்புகிறதா காலிலிருந்தா, அவ்வளவு பார்த்தால் எனக்குப் போதும். எனக்கே என் எழுத்துருவில் கடிதம் போட்டு ஒன்றரை வருஷம் ஏமாற்றியிருக்கிறீர்கள். அடுத்தடுத்து வரும் எழுத்துகள் ஒரே மாதிரி இருந்து அச்சு என்று காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று வடிவம் வரைந்து வைத்தவள் நான். அந்த வித்தையை வைத்தே என் கண்ணைக் கட்டிவிட்டீர்கள்.

எனக்கு ஒரு பதில் வேண்டும். அந்தக் கடிதங்களை எழுதியது யார்? அம்மாவுக்கு அது தெரியுமா?

தகட்டு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

செலினா பசுவால்தோ


குவாலெகுவாய்
9 ஜூன்

செலினா,

திருமதியா? உன் அண்ணன் அனிபாலைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன் வாயால் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை இதுதான். சட்டம் போட்டு மாட்டி வைக்கிறேன்.

கேட்டாய், சொல்கிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபரில் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணிப் பேச்சு குழறியது, ஆனால் புத்தி கத்தி மாதிரி இருந்தது. உன் அண்ணன் மாதத்தில் முக்கால்வாசி லாரியோடு மென்டோசா பாதையில் கிடப்பான். குளிப்பாட்டியது, தலை வாரியது, மாத்தே டீயை இடது கையில் பிடித்து உறிஞ்சப் பழக்கியது எல்லாம் நான். இதைச் சொல்லிக்காட்ட வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ லென்ஸைத் தூக்கிக்கொண்டு வந்ததால் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கடிதங்களில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் அத்தை சொன்னது. காலையில் சொல்வார், நான் குறித்துக்கொள்வேன். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் அடித்து, பிரிண்ட் எடுத்து, சாயங்காலம் படித்துக் காட்டுவேன். ஒரு கமா தள்ளிப் போயிருந்தால் மறுபடி அடிக்க வேண்டும். உன் அம்மா யாரென்று உனக்குத் தெரியாததா?

உன் எழுத்துரு எங்கள் கடைக்கு எப்படி வந்தது என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. இந்த ஊரில் பதினைந்து வயது நிறைகிற பெண்கள் எல்லாருக்கும் விருந்து அழைப்பிதழ் உன் 'எர்மெலிந்தா'வில்தான் வேண்டும். முதலாளி முறையாக வாங்கி வைத்திருக்கிறார்.

ஏன் உன் எழுத்தில் அடித்தேன் என்பது வேறு கதை. அதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

இன்னொன்று. அடக்கத்தன்று சிநேகிதி காரில் வந்து இறங்கினாய். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிட்டாய். அத்தையின் வலது கை எப்படி மடங்கியிருந்தது என்று அன்றைக்கே பார்த்திருந்தால் இப்போது உறையைப் பெரிதாக்கியிருக்க வேண்டாம். எழுத்தின் தோளும் காலும் தெரிகிறது, பெற்றவளின் கை தெரியவில்லை.

ரமோனா


புவெனஸ் அயர்ஸ்
15 ஜூன்

ரமோனா,

பக்கவாதம் என்ற வார்த்தையை உங்கள் கடிதத்தில்தான் முதல்முறையாகப் பார்க்கிறேன். அம்மா விழுந்ததை எனக்குச் சொல்லாமல் விட நீங்கள் யார்? அனிபால் யார்? நான் என்ன தெருவில் போகிறவளா? திடீரென்று போய்விட்டாள் என்று மார்ச்சில் போனில் சொன்னீர்களே, அந்தத் திடீருக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது. கடிதங்களில் அவள் ரோஜாச் செடிக்கு மண் அணைத்தாள், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டாள், மழை பெய்தால் மாவு பிசைந்து பணியாரம் பொரித்தாள். ஒரு கையால் பிசைந்தாளா?

நான் ஏன் முன்பே வரவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் சண்டை உங்களுக்குத் தெரியும். எழுத்துரு வெளிவந்த வருஷம் அது. காலைச் சாப்பாட்டில் ரொட்டிக்குத் தடவ துல்சே பால் ஜாம் பாட்டிலை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கம்பெனி என் எழுத்துருவை வாங்கி லேபிளில் போட்டிருந்தது, பாட்டிலின் மேல் அவள் கையெழுத்து. நான் சொல்லாமல் எடுத்தேன் என்றுதான் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ பேனாவை எடுத்து அந்த லேபிளிலேயே d-க்குக் கீழே கோடு போட்டாள். "நாப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைங்களைத் திருத்தினவ நான். என்னைத் திருத்த நீ யாருடி?" என்றாள். என்னைப் போனில்கூடக் கூப்பிட வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு அவளாகவே எழுதினாள், நான் உருகிப்போனேன். ஒவ்வொரு கடிதத்தையும் 'வர வேண்டியபோது வருவாய்' என்றுதான் முடித்தாள். அவசரப்படாதே, கோபம் ஆறட்டும் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் படுக்கையில் கிடக்கிறாள் என்று தெரிந்திருந்தால் அந்த நிமிஷமே கிளம்பியிருப்பேன். அதை நீங்கள் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டீர்கள்.

ஒவ்வொரு வார்த்தையும் அவள் சொன்னது என்கிறீர்கள். போன ஆகஸ்ட் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. 'உன் எழுத்து அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை.' அதை வெட்டி என் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறேன். வேலை ஓடாத நாள்களில் அதைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பேன். இப்போது மறுபடி படித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அம்மா யாருக்காவது சொல்லியிருக்கிறாளா? பள்ளிக்கூடத்தில் எனக்கே அவள் முழு மதிப்பெண் போட்டதில்லை. அந்த வரி உங்களுடையது. நான் ஆறட்டும் என்றோ, நான் வந்து தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்றோ எழுதிச் செருகியிருக்கிறீர்கள். இதற்குப் பெயர் கள்ளக் கையெழுத்து. வெளியில் செய்தால் ஜெயில்.

தகட்டில் கோத்துக் கோத்து எழுதுகிற கூட்டெழுத்தே வேண்டாம். தெருப் பெயர்ப் பலகையில் இருக்குமே, அந்த மாதிரி மொட்டைப் பெரிய எழுத்தில் வெட்டச் சொல்கிறேன். அதையாவது யாரும் அம்மா எழுதியது என்று சொல்ல முடியாது.

செலினா


குவாலெகுவாய்
24 ஜூன்

செலினா,

சொல்லக் கூடாதென்றுதான் இருந்தேன். ஜெயில் வரை போய்விட்டாய், இனி எனக்கென்ன.

அத்தை விழுந்து ஒரு மாதம் இருக்கும். மழை பெய்துகொண்டிருந்தது. பணியாரம் பொரித்தேன். ஆம், பிசைந்தது நான்தான், பக்கத்தில் உட்கார்ந்து உப்பு போதவில்லை என்று சொன்னது உன் அம்மா. செலினாவுக்கு ஒரு வரி போட வேண்டும் என்றார். நீங்கள் சொல்லுங்கள் அத்தை, நான் என் கையால் எழுதுகிறேன் என்றேன். "உன் கோழிக்கிறுக்கலைப் பார்த்தா எனக்கு ஏதோ ஆயிருச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும்" என்றார். அழைப்பிதழுக்கு எழுத்து தேர்ந்தெடுக்க வருகிற பெண்களிடம் காட்டுவோமே, அந்த மாதிரித் தாளைக் கடையிலிருந்து எடுத்து வந்தேன். எல்லாம் கூட்டெழுத்து வகைகள். அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்புப் பென்சில் கேட்டார். இடது கையில் பிடித்துக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி ஆரம்பித்தார். ஒன்றைப் பார்த்து, இந்த r-ஐப் பையன் v என்று படிப்பான், பெயில் என்றார். இன்னொன்று எழுத்தே இல்லை, கேக் மேல் ஊற்றிய க்ரீம் என்றார். ஒன்றில் S-க்கு இடுப்பு பிடித்திருக்கிறதாம். நான் சிரித்துச் சிரித்து எண்ணெயைக் கவனிக்கவில்லை, ஒரு ஈடு கருகிப்போயிற்று.

அப்புறம் கடைசி வரிக்கு வந்தார். அது உன்னுடையது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். பிறகு கோணின வாயோடு சிரித்தார்.

"இதுலயே அடி. என் எழுத்தைத் தூக்கிட்டுப் போனாள்ல, இப்போ அது எனக்கு வேலை செய்யட்டும். முதல் கடுதாசியிலயே கண்டுபிடிச்சிருவா பாரு. கண்டுபிடிச்ச அன்னைக்கே பஸ் ஏறி வந்து வாசல்ல நின்னு என்கூட சண்டை போடுவா."

நான் உனக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொன்னால் என் கையால் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேன் என்றார். பக்கவாதம் என்று எழுதினால் நீ பரிதாபப்பட்டு வருவாய், அவருக்கு உன் பரிதாபம் வேண்டாம், உன் கண் வேண்டும் என்றார். உன் அண்ணன் போனைக் கையில் எடுத்த அன்று இரண்டு வேளை பட்டினி கிடந்தார். அதோடு நாங்கள் விட்டுவிட்டோம்.

இப்போது கேள். முதல் கடிதம் போனது. உன் பதில் வந்தது, பக்கம் பக்கமாக, கண்ணீரும் கம்பலையுமாக. நான் படிக்க ஆரம்பிக்குமுன் அத்தை கேட்டது ஒன்றுதான். "கண்டுபிடிச்சாளா?" இல்லை அத்தை. அடுத்த கடிதம். உன் பதில். "கண்டுபிடிச்சாளா?" இல்லை அத்தை. தபால்காரர் மணியடித்தாலே இதே கேள்வி. கடைசியில் எனக்கு உன் கையெழுத்தைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. 'வர வேண்டியபோது வருவாய்' என்பதைக் கோபம் ஆறட்டும் என்று எடுத்துக்கொண்டாயா? அந்தம்மா தினமும் வாசலைப் பார்த்த மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்வார்.

ஆகஸ்ட் வரி என்னுடையது என்கிறாய். எனக்கு அவ்வளவு புத்தி இல்லை. அதுவும் அத்தைதான். "இதைப் பார்த்தாவது அவளுக்கு உறைக்கணும். குறையே இல்லேன்னு நான் என் வாழ்நாள்ல யாருக்காவது சொல்லிருக்கேனா?" என்று சொல்லிச் சொல்லி அடிக்க வைத்தார். நீ இப்போது சரியாகப் பிடித்திருக்கிறாய், அம்மா இப்படி எழுத மாட்டாள் என்று. அப்போது ஏன் பிடிக்கவில்லை? நீ நன்றி எழுதினாய். நன்றி! நான் அதைப் படித்ததும் அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் மாத்தே வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு உன்மேல் வந்த கோபம் அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை. ஊரில் எவன் போர்டுக்கும் எழுத்துருப் பெயர் சொல்கிற உனக்குப் பெற்றவளின் முதல் வார்த்தையில் இருந்த d தெரியவில்லையே. புகழ்ச்சி கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன.

இனி சொல்வதை யாருக்கும் சொன்னதில்லை, உன் அண்ணனுக்கும் இல்லை. மார்ச்சில் இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. டாக்டர் வந்து பார்த்து இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றுவிட்டார். உனக்குப் போன் போடப் போனேன், என் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டார். கேட்கப் போவது எனக்குத் தெரியும். கேட்டார். நான் பொய் சொன்னேன்.

"கண்டுபிடிச்சுட்டா அத்தை. பஸ்ல வந்துட்டு இருக்கா."

செலினா, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்திருக்க வேண்டியவள் நீ, பார்த்தவள் நான். ஆனால் உன் அம்மா டீச்சர் ஆயிற்றே, விடுவாரா? "எந்த எழுத்துல பிடிச்சா?" என்று கேட்டார். எனக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும்? துல்சே பாட்டிலில் அவர் கோடு போட்டது மட்டும் ஞாபகம் வந்தது. d என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, "அப்ப சரி. தெறந்துருவா" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் எனக்குப் புரியவில்லை.

உன் மூன்றாம் தேதிக் கடிதத்தில் d என்று படித்தபோது கடையில் நின்றுகொண்டிருந்தேன். கையிலிருந்த அழைப்பிதழ்க் கட்டை மேசைமேல் போட்டுவிட்டேன். சந்தோஷத்தில் என்று நினைக்காதே. மூன்று மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்ற ஆத்திரத்தில்.

கள்ளக் கையெழுத்துப் போட்டவள் நான் இல்லை. ஒரே ஒரு பொய் சொன்னேன், அதுவும் உனக்காக. ஜெயிலுக்கு எப்போது வர வேண்டும் என்று எழுது.

ரமோனா


புவெனஸ் அயர்ஸ்
11 ஜூலை

அண்ணி,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்றாம் நாள் சுவரில் இருந்த அந்த ஆகஸ்ட் வரியைக் கிழித்தேன். பிறகு பொறுக்கி எடுத்து ஒட்டினேன், மறுபடி கிழித்தேன். அது மன்னிப்பு என்று நினைத்து ஒரு வருஷம் வாழ்ந்திருக்கிறேன். அது பொறி. தன் சொந்த மகளுக்குப் பொறி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். 'விழுந்துவிட்டேன், வா' என்று இரண்டு வார்த்தை சொல்ல அவளுக்கு என்ன கேடு? அவளோடு சண்டை போட வேண்டும் போலிருக்கிறது. நியாயமாகப் போட வேண்டிய சண்டை, எதிரே ஆள் இல்லை.

உங்கள்மேலும் கோபம் போகவில்லை. பட்டினி கிடந்தால் கிடக்கட்டும் என்று எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். இதை நேரில் வந்தும் சொல்வேன். ஆனால் ஜெயில் என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவளைத் தொட்டுத் தூக்கியது உங்கள் கை.

ஏன் எனக்குத் தெரியவில்லை என்று கேட்டீர்கள். புகழ்ச்சி இல்லை, அண்ணி, அதைவிடக் கேவலமானது. அம்மாவின் d எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது, உறையைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. நான் திருத்திய d-தான் அவளுடையது என்று என் கண் பழகிப்போயிருந்தது. அவள் அன்றைக்கு லேபிளில் கோடு போட்டதும் இதற்குத்தான், எனக்கு அப்போது விளங்கவில்லை.

எழுத்துரு வரைவதற்கு முன்னால் அவள் கையெழுத்தின் மேல் வைத்துப் படியெடுத்த பழைய தாள்கள் என்னிடம் இருந்தன. எடுத்தேன். வாய் திறந்த d-கள் தாள் முழுக்க. அதிலிருந்து மறுபடி வரைந்தேன், மூன்று வடிவமும், மூன்றும் திறந்தே. புதுப் பதிப்பை எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன், உங்கள் கடைக்கும் வந்திருக்கும். துல்சே கம்பெனியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, எழுத்து உடைந்த மாதிரி தெரிகிறது, பழையதையே வைத்துக்கொள்கிறோம் என்றார். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன் பெயர் இனி எர்மெலிந்தா இல்லை என்று சொல்லிவிட்டேன். அழைப்பிதழ் அடிக்க வருகிற பெண்கள் குறை சொன்னால் உங்கள் வாயால் நன்றாக நாலு வாங்கிக்கொண்டு போகட்டும், அதற்கு உங்களைத் தவிர ஆள் கிடையாது.

தகட்டில் மொட்டை எழுத்து வேண்டாம். அவள் பெயரை அவள் எழுதின மாதிரியே வரைந்து வார்ப்புப் பட்டறைக்குக் கொடுத்தேன். பட்டறைக்காரர் போன் செய்து, கடைசிக்கு முந்தின எழுத்தில் ஒரு இடைவெளி விட்டுப்போயிருக்கிறது, அச்சில் மூடிவிடட்டுமா என்று கேட்டார். அவரும் நம் ஊர்ப் பக்கத்து ஆள், நல்ல மனுஷர்.

"தொடாதீங்க. அது டீச்சர் எழுத்து" என்றேன்.

தகடு நேற்று கைக்கு வந்தது. கனமாக இருக்கிறது. தபாலில் அனுப்ப மனமில்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் எடுத்து வருகிறேன். நீங்கள் அம்மாவிடம் சொன்ன பொய்யில் பஸ் மட்டும்தான் பாக்கி இருந்தது.

செலினா